முதலில் பாட்டு, பிறகு உரை

வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. தமிழ்நாட்டில் தமிழ் படித்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கையும் ஒருமுறையாவது உருப்போட்டிருப்பார்கள். ஒரு மதிப்பெண் வினாவில் பொருத்தச் சொன்னால் சரியாகப் பொருத்தியும் விடுவார்கள். ஆனால் ஒரு வெண்பாவை வாய்விட்டுச் சொல்லி, அடுத்து ஓர் ஆசிரியப்பாவையும் சொல்லி, எது எந்த ஓசை என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஓசையைக் கண்ணால் படித்து, கையால் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம் என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பது நாம்தான். தமிழ்ப் பள்ளிகளில் கவிதை எந்த இடத்தில் முறிகிறது என்று தேடுபவர்கள் இந்த ஒரு பாடத்திலிருந்தே தொடங்கலாம்.

பிள்ளைகளுக்குக் கவிதை கசந்து போவதற்கு எல்லோரும் எளிதில் சொல்லும் காரணம் மனப்பாடம். 'மனப்பாடப் பகுதி' என்ற சொல்லே பலருக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே மனப்பாடத்தைக் குறைத்து, புரிந்து படிக்க வைத்தால் கவிதைமேல் ஆசை வரும் என்று கல்விச் சீர்திருத்தம் பேசுபவர்கள் நம்புகிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நம் வகுப்பறையில் பாட்டு காதில் விழும் முன்பே அதன் உரை வந்துவிடுகிறது. பிறகு அந்தப் பாட்டை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டச் சொல்கிறோம். மனப்பாடம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீண்பழி சுமக்கிறது.

பாடநூலின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்கள் முந்தியவற்றைவிட அழகானவை. தேர்விலும் துணிச்சல் உண்டு. 'கவிதைப் பேழை' என்ற தலைப்பின் கீழே முல்லைப்பாட்டும் கம்பராமாயணமும் இருக்கும் பத்தாம் வகுப்பு நூலில்தான் உமா மகேஸ்வரியின் 'பூத்தொடுத்தல்' இருக்கிறது, நாகூர் ரூமியின் 'சித்தாளு' இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஈழத்துக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் 'யுகத்தின் பாடல்' இருக்கிறது. பாடல்களைத் தேர்ந்தவர்களுக்குக் கவிதை தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழம்பாடல் வரும் பக்கத்தில் எட்டோ பத்தோ அடி முடிந்ததும் ஆரம்பிக்கிறது வரிசை: சொல்லும் பொருளும், பாடலின் பொருள், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், பிறகு கட்டம் கட்டிய 'நூல் வெளி'. பாட்டு பிடித்த இடத்தைவிட அதைச் சுற்றியுள்ளவை பிடித்த இடம் பெரிது. தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் எதைத் திரும்பத் திரும்ப நடத்துவார்? இந்த வரிசையைத்தான். உரிச்சொற்றொடரையும் வினைத்தொகையையும் பொறுக்கி எடுத்த பிறகு எஞ்சுவது பாட்டு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் 'நயம் பாராட்டுக' என்றொரு வினா உண்டு. பேரைக் கேட்டால் ரசனைக்குக் கதவு திறந்திருக்கிறது என்றே தோன்றும். நடப்பது என்ன? திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, சந்தம், அணி, சுவை என்று உள்தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் கைடு சொல்லித்தந்த ஆயத்த வாக்கியத்தை எழுதி, அதன் பின்னே வினாத்தாளில் உள்ள பாட்டிலிருந்து இரண்டு சொற்களைப் பிடுங்கி நட்டுவிட்டால் முடிந்தது. மோனைக்கு யானையையும் எதுகைக்கு வைகையையும் இழுத்துவரும் அந்த ஆயத்த வாக்கியங்கள் நினைவில் இல்லாத பிளஸ் டூ மாணவர் அரிது. பத்தாம் வகுப்பின் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' வினாவுக்கும் இதே கதிதான். படத்தில் மரம் இருந்தாலும் உழவர் இருந்தாலும் ஒரே கவிதை, முன்கூட்டியே தயார். பாராட்டுவதைக்கூட மனப்பாடம் செய்து பாராட்டும் விந்தை வேறெந்த மொழிப் பாடத்தில் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதோ தெரியவில்லை.

இதே பள்ளியில், இதே பிள்ளைகளிடம், கவிதை ஒன்று தினமும் வெற்றி பெறுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்தைச் சொல்கிறேன். 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய வாழ்த்துப் பாடலின் பகுதி அது. சொற்கட்டு எளிதானதல்ல. முகத்தையும் நெற்றியையும் திலகத்தையும் நாடுகளோடு ஒப்பிட்டு அடுக்கிச் செல்லும் உருவகம். அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லச் சொன்னால் பட்டதாரிகளே தடுமாறுவார்கள். ஆனாலும் முதல் வகுப்புப் பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே, பிசகில்லாமல் அதைப் பாடுகிறது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, பாட எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் 55 வினாடி என்கிறது. ஒருவரும் அதை நெட்டுருப் போடச் சொல்லவில்லை, பிரம்பில்லை, தேர்வில்லை. காதில் தினமும் விழுந்தது, வாயில் ஏறியது, அவ்வளவுதான். சொல் கடினம், காலம் பழையது, உருவகம் சிக்கல் என்று எந்தக் காரணங்களைக் காட்டிச் செய்யுளைப் பிள்ளைகளுக்கு ஆகாதென்கிறோமோ அந்தக் காரணங்கள் அத்தனையும் உள்ள ஒரு பாட்டு அது.

பொருள் தெரியாமல் பாடுவதில் என்ன பெருமை என்று உடனே கேட்கலாம். நியாயமான கேள்வி. காலைப் பிரேயரில் ஓசை மட்டும் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து முதல் பீரியடில் பொருள் மட்டும் இருக்கிறது. ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டும் சந்திப்பதே இல்லை. வாழ்த்துப் பாடல் வாயில் ஊறிய பிள்ளைக்கு ஒருநாள் அந்த உருவகத்தைப் பிரித்துக் காட்டினால், ஏற்கனவே தன்னுடையதாகிவிட்ட ஒன்றுக்குள் புதிதாக ஓர் அறை திறந்த வியப்பு கிடைக்கும். பொருளை முதலில் சொல்லிவிட்டால் அந்த வியப்புக்கே இடமில்லை. பாட்டு, ஏற்கனவே தெரிந்துவிட்ட செய்தியைச் சுற்றிவளைத்துச் சொல்லும் முறையாகிவிடுகிறது. 'இதை நேராகவே சொல்லியிருக்கலாமே' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்பது அதனால்தான்.

உரைக்கு முன் பாட்டு என்பது புதிய கல்விக் கொள்கை எதுவும் அல்ல. நம் உரை மரபு முழுவதும் அப்படி வந்ததுதான். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள், மூலத்தை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றின் நுட்பமான தர்க்கத்தைப் பாட்டு நினைவில் இல்லாத ஒருவரால் பின்தொடரவே முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் வாய்வழியாகவே ஏறின. அந்தத் திண்ணையைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அடியும் தண்டனையும் அங்கே தாராளம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் திண்ணையில் ஏறவே அனுமதி கிடையாது. பொதுப்பள்ளி வந்து அந்தக் கதவை உடைத்தது பெரிய காரியம். உடைத்தபோது வாய்ப்பாடத்தையும் சேர்த்து வெளியே போட்டுவிட்டோம் என்பதுதான் குறை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் செய்யுளை இசையோடு சொல்லிப் பாடம் நடத்தியதைத் தம் 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கோ மாணவர் சங்கீதத்தில் இறங்குவது பிடிக்காது. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கப் போய்வந்ததைச் சாமிநாதையர் அதனாலேயே நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல வேளை, கற்றது வீணாகவில்லை.

கேட்டவர்கள் மனத்தில் ஒரு பாட்டு எப்படி நின்றது என்பதற்குச் சங்கத் தொகையிலேயே சான்று கிடக்கிறது. குறுந்தொகையின் புலவர் பெயர்களைப் பாருங்கள். 40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாடல் அணிலாடு முன்றிலாருடையது. பிறகு மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார். பெற்றோர் வைத்த பெயர்கள் அல்ல இவை. இயற்பெயர் தொலைந்துபோனது, பாட்டில் வந்த உவமை மட்டும் மறக்காமல் நின்றது, தொகுத்தவர்கள் அந்த உவமையையே புலவருக்குப் பெயராக வைத்தார்கள். தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய 'நயம் பாராட்டல்' இது. உள்தலைப்புகள் இல்லை. பாட்டில் எது நெஞ்சில் தைத்ததோ அதை மட்டும் எடுத்துக் காட்டுவது, அவ்வளவே. ஏழாம் வகுப்பில் ஒரு பாட்டை மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டு, 'எழுதியவர் பெயர் தெரியவில்லை, நீங்களே இந்தப் பாட்டிலிருந்து ஒரு பெயர் வையுங்கள்' என்று கேட்டால் போதும். நாற்பது பிள்ளைகள் ஐந்தாறு விதமான பெயரோடு வருவார்கள். ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் தொடங்கும்போது, கேட்காமலே உரைக்கு வேலை வந்துவிடும்.

பழந்தமிழ்ச் சொற்கள் தெரியாமல் மூன்று முறை அல்ல, முப்பது முறை கேட்டாலும் என்ன விளங்கும் என்பது தமிழாசிரியர்கள் எழுப்பும் முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை. எட்டடிப் பாட்டில் அறவே தெரியாத சொல் நான்கைந்து இருந்தால் காது அயர்ந்துவிடும். அவற்றை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுவதில் தவறே இல்லை. நான் எதிர்ப்பது சொற்பொருளை அல்ல. முழுப்பாட்டையும் உரைநடையாக்கி முன்னால் வைப்பதை. சொற்பொருள் பிள்ளையைப் பாட்டுக்குள் அனுப்புகிறது. பொழிப்புரையோ, நீ உள்ளே போக வேண்டாம், நான் போய்ப் பார்த்து வந்துவிட்டேன் என்கிறது. சங்கப் பாட்டின் அடியில் வரும் துறைக்குறிப்பு இந்த இடத்தில் பெரிய உதவி. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும் அது, ஒரு நாடகக் காட்சிக்கான குறிப்பு. தலைவி பேச்சைத் தோழியிடம் சொல்லும் குரலில் ஒரு பிள்ளை சொல்லிப் பார்த்தால், உரையில் கால் பங்கு அங்கேயே முடிந்துவிடும். தேர்வில் நாம் துறைக்குறிப்பை என்ன செய்கிறோம் என்றால், 'இது யார் கூற்று?' என்று கேட்டு ஒரு மதிப்பெண் போடுகிறோம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. அரசுப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் பிழையில்லாமல் நான்கு வரி எழுதக் கற்றுத் தருவதே பெரும்பாடாக இருக்கும்போது, கவிதை ரசனை என்பது வயிறு நிறைந்தவர் பேச்சு என்பது. கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்ட 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையே தொடங்க வேண்டியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தத் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு எழுத்தறிவித்தது? பாட்டு, ஆட்டம், கதை. சின்ன வகுப்பில் பாட்டு எழுத்தறிவின் கருவி என்று ஒப்புக்கொள்பவர்கள், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அதே பாட்டை ஆடம்பரம் என்பது பொருந்தவில்லை. இன்னொன்று: அந்தப் பிள்ளையின் வீட்டில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம், பாட்டு இல்லாமல் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கானாவும் கேட்ட காது அது. கணக்கு வீட்டுப்பாடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியால் உதவ முடியாது. ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டினால் உட்கார்ந்து கேட்க முடியும், தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லவும் முடியும். ஓரேருழவனாரின் பாட்டில், தொலைவில் இருக்கும் காதலியிடம் விரைய நினைப்பவன், ஈரம் காயுமுன் நிலம் முழுவதையும் உழ வேண்டியிருந்தும் ஒரே ஏர் மட்டும் வைத்திருப்பவனின் பதைப்போடு தன் நெஞ்சை ஒப்பிடுகிறான். இந்தப் பதைப்பு சென்னையின் ஆங்கில வழிப் பள்ளியைவிடத் திருத்துறைப்பூண்டியில் சீக்கிரம் விளங்கும்.

அடுத்தது நேரம். பாடத்திட்டம் முடிய வேண்டும், திருப்புதல் தேர்வு வரிசையில் நிற்கிறது, இதில் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்க எங்கே நேரம்? எட்டடி ஆசிரியப்பாவை நிதானமாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு குறளுக்கு ஏழு சீர். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. சீருக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொன்னால் சில வினாடி. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்ற வாய்பாடுகளையே முதலில் கைதட்டிச் சொல்ல வைத்துவிட்டு அலகிடும் கட்டத்தைப் பிறகு வரையச் சொன்னால், 'நாள், மலர், காசு, பிறப்பு' என்று வெண்பாவின் ஈற்றுச்சீர் ஏன் குட்டையாக நிற்கிறது என்பது காதுக்கே தெரியும். யாப்பிலக்கணத்தை வெறுக்க வைத்திருக்கும் அந்தப் பாடம்கூட இப்படி நடத்தினால் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆக, குறைவது நேரம் அல்ல. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சத்தம் போட்டுப் பாட்டுச் சொல்லும் வகுப்பை, பக்கத்து அறை ஆசிரியரும் தலைமையாசிரியரும் பாடம் நடக்கும் வகுப்பாக மதிப்பதில்லை. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் கவிதைக்கு எந்தக் கைடையும்விடப் பெரிய எதிரி.

வாயால் சொல்ல வைப்பதுதான் தீர்வு என்றால், அதற்குத்தான் ஒப்புவித்தல் போட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன. 1330 குறளையும் ஒப்புவிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசு தருகிறது. எண்ணைச் சொன்னால் குறளைச் சொல்லும் பிள்ளைகளின் நினைவாற்றல் வியப்புக்குரியது. ஆனால் அங்கே மதிக்கப்படுவது எண்ணிக்கையும் வேகமும். மூச்சுவிடாமல் சொல்லப்படும் குறளில் ஓசை செத்துப் போகிறது. இலங்கையின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் 'பாவோதல்' தனிப் போட்டியாகவே இருப்பது இதைவிட மேல். ஒரு பாவை அதற்குரிய முறையில் ஓதுவதற்கு அங்கே இடமுண்டு. அதிலும் குரல்வளம் உள்ள ஒரு பிள்ளை மேடையேற, மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடும் ஆபத்து இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2005 வாக்கில் தொடங்கி நடந்துவரும் 'பொயட்ரி அவுட் லவுட்' போட்டியில் ஒரு விதி நமக்குப் பயன்படும்: எந்தக் கவிதை என்பதை மாணவரே ஒரு பெரிய தொகுப்பிலிருந்து தேர்ந்துகொள்கிறார். பல கவிதைகளைப் புரட்டி, வேண்டாமென்று ஒதுக்கி, ஒன்றைத் தனக்கென்று எடுப்பதற்குள் ரசனையின் பாதி வேலை நடந்துவிடுகிறது. பிழையில்லாமல் சொல்வதற்கு மட்டுமன்றி, குரலுக்கும் பொருளை உணர்ந்து சொல்வதற்கும் அங்கே நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் இடுகிறார்கள். ரசனையை அளக்கவே முடியாது என்ற வாதத்துக்கு இதில் ஓரளவு பதில் இருக்கிறது.

ஓரளவுதான். அண்மை ஆண்டுகளில் பத்தாம் வகுப்புத் தேர்வை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். அத்தனை பேர் விடைத்தாளையும் ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்த வேண்டும். ஒரு மதிப்பெண் பிசகினால் மறுகூட்டல், வழக்கு. அந்த இடத்தில் ரசனைக்கு மதிப்பெண் கேட்பது நடக்காத காரியம். நடந்தாலும் விளைவு விபரீதமாகும். 'உனக்குப் பிடித்த கவிதையைப் பற்றி எழுது' என்று பொதுத்தேர்வில் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டே 'என் மனங்கவர்ந்த கவிதை' என்ற தலைப்பில் கைடில் மாதிரி விடை வந்துவிடும், மாநிலம் முழுவதற்கும் ஒரே கவிதை பிடித்துப்போகும். மேல்நிலை வகுப்பிலோ சிக்கல் வேறு. பொறியியல் கட்-ஆஃபில் மொழித்தாள் மதிப்பெண் சேராது என்பதால் தமிழுக்கு ஒதுக்கும் நேரமே சுருங்கிவிட்டது. ஆகவே பொதுத்தேர்வு வினாத்தாளை மாற்றுவதில் தொடங்க வேண்டியதில்லை. தொடக்க, நடுநிலை வகுப்புகளின் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. இவற்றில் தமிழுக்குரிய ஒரு சிறு பங்கை, மாணவர் தாமே தேர்ந்த ஒரு பாட்டை வகுப்பில் சொல்வதற்கு என்று ஒதுக்கலாம். அகமதிப்பீட்டில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் அள்ளிப் போடுகிறார்களே என்பது பொதுவான குறை. இந்த ஒன்றில் அப்படிப் போட்டால் குடி முழுகிவிடாது. நாற்பது பேரும் ஆளுக்கொரு பாட்டைத் தேடி எடுத்து வந்திருப்பார்கள்.

எஞ்சுவது ஆசிரியர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வாழ்நாளின் பெரும்பகுதி ஆசிரியர். பாரதிதாசன் புதுச்சேரியில் பல்லாண்டு தமிழாசிரியர். பாரதியும் 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் நடத்தியவர்தான். இன்றும் தமிழில் கவிதை எழுதுபவர்களில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் கணிசம். பிரச்சினை அவர்களிடம் இல்லை. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ஒருவரே நடத்துகிறார். அவர் தமிழ் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குச் செய்யுளை உரக்கச் சொல்லக் கூச்சம், சந்தி எங்கே பிரிப்பது என்ற தயக்கம், பிள்ளைகள் முன்னால் தவறாகிவிடுமோ என்ற பயம். பாடநூலில் க்யூஆர் குறியீடு ஏற்கனவே அச்சாகி இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பண்ணும் பக்கவாத்தியமும் இல்லாத ஒரு நல்ல வாசிப்பை, முடிந்தால் இருவேறு குரல்களில், அதில் ஏற்றிவிட்டால் அந்தக் கூச்சம் பாதி தீரும். இரண்டு குரல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் அதுவே சரியான வாசிப்பு என்று ஆகி, அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே குரலை நகல் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.